பெயருக்குள் ஒரு சாய்கோடு

லோகேஸ்வரி முதன்முறையாகப் பள்ளிக்கு வந்த அன்று கணினி அறையில் நடந்த பேச்சு துளசிக்கு இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

"பசியாறிட்டீங்களா, டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் முழுக்கப் பென் டிரைவ்கள்.

"ஆச்சுக்கா. நீங்க?"

"வர்ற வழியிலயே ரொட்டி சானாய் சாப்பிட்டேன். கையெல்லாம் எண்ணெய். முதல்ல பைப்பைக் காட்டுங்க, இல்லாட்டி உங்க கீபோர்டு நாசம்."

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தன்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்று பார்த்ததுமே துளசிக்குத் தெரிந்ததால் 'அக்கா' தானாக வந்துவிட்டது. பேச்சை வளர்க்க வேண்டுமே என்று ஒன்று கேட்டாள்.

"நீங்க கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்களாக்கா?"

"ரிப்பேர் இல்ல. இன்ஸ்டாலருக்கு மாடியூல் எழுதுறேன்."

துளசி தலையாட்டினாள். புரியாத இடங்களில் அவள் அப்படித்தான் செய்வாள்.

"புரியல தானே?"

"புரியல."

"பழைய கம்ப்யூட்டரைத் துடைச்சிட்டுப் புதுசா சிஸ்டம் போடுறோம்ல, அதைப் போடுற புரோகிராம்தான் இன்ஸ்டாலர். செம்பனைத் தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர்னு வச்சிக்குங்க. மண்டோர் குலை வெட்டுவாரா?"

"மாட்டாரு."

"பேரைக் கூப்பிடுவாரு. நீ வெட்டு, நீ பழம் பொறுக்கு, நீ லோரியில ஏத்து. இதுவும் அதே மாதிரி லா. என்ன பாஷைன்னு கேக்க ஒரு ஆளு, டிஸ்க்கைப் பிரிக்க ஒரு ஆளு, பேரைப் பதிய ஒரு ஆளு. அந்த ஆளுங்கதான் மாடியூல். புது ஆளு வேணும்னா செஞ்சு மண்டோர்கிட்ட சேத்துவிடலாம்."

"நீங்க எந்த ஆளு செஞ்சீங்க?"

"ரெண்டு பேரு. ஒருத்தன் உங்க பிள்ளைங்க பேரை வாங்கி ஆளுக்கு ஒரு போல்டர் திறப்பான். இன்னொருத்தன், பின்னால ஒரு நாள் நீங்க சிஸ்டத்தை மாத்துவீங்கல்ல, அப்ப துடைக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைங்க வேலையெல்லாம் தூக்கி ஓரமா வச்சிட்டு, முடிஞ்சதும் திருப்பி வைப்பான். நான் வரத் தேவையில்ல. நீங்களே செய்யலாம்."

"பேரை எப்படிப் போடணும்? கூப்பிடுற பேரா?"

"ஐயோ, வேணாம் டீச்சர். பிறப்புப் பத்திரத்துல இருக்கிற மாதிரியே போடுங்க. பின்னாடி ஒரு பிரச்சனையும் வராது."

துளசி அப்படியே போட்டாள்.

லோகேஸ்வரி பிறந்தது கோல சிலாங்கூருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா நடராஜா தோட்டத்து லோரி ஓட்டினார். தோட்டம் கைமாறியபோது குடும்பம் புக்கிட் செந்தோசாவில் ஒரு மலிவு விலை வீட்டுக்குப் போனது. தோட்டத்து லய வீட்டைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால், கழிப்பறை வெளியே இருந்தது என்பதைத் தவிர வேறெதையும் அவள் சொல்வதில்லை.

பாலிடெக்னிக் முடித்து ரவாங்கில் ஒரு கணினிக் கடையில் சேர்ந்தாள். நிறுவனங்கள் கழித்துப்போடும் மடிக்கணினிகளை வாங்கி, துடைத்து, புதிதாக்கி விற்கிற கடை. துடைப்பது அவள் வேலை. காலையில் கடை திறந்ததிலிருந்து மாலை வரை ஒரே சொல்லை அமுக்கிக்கொண்டிருப்பாள்: அடுத்து, அடுத்து, ஆமாம், அடுத்து. இப்படியே போனால் விரலில் ரேகை மிஞ்சாது, அடையாள அட்டை அலுவலகத்தில் தன்னை யாரென்று கேட்பார்கள் என்று கடைப் பையன்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்த அலுப்பில்தான் அவளுடைய முதல் மாடியூல் பிறந்தது. கடை ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே கணினிக்குப் பெயராக வைக்கும், அவ்வளவுதான். ஒரு கிளிக் மிச்சம்.

அந்த இன்ஸ்டாலரை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பல நாடுகளில் இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் அதைப் பராமரிக்கிறார்கள். அவர்களுக்குத் தன் மாடியூலை அனுப்பினாள். வேலை முடியாமல் போனால் இது என்ன செய்யும், அதை எழுதவில்லையே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எழுதி அனுப்பினாள். வேறொரு குறை சொன்னார்கள். கோபித்துக்கொண்டு கொஞ்ச காலம் விட்டுவிட்டு, பிறகு தானே திருத்தி மறுபடி அனுப்பினாள். ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். மகள் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதித் தருகிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னார்.

"சம்பளம் எப்படி?"

"சம்பளம் கிடையாதாம்."

"அப்ப என்னாத்துக்கு லா?"

வெளிநாட்டுக்காரர்கள் சொன்ன அந்த முதல் திருத்தத்தை லோகேஸ்வரி மறக்கவில்லை. மாடியூல் என்பது ஒரே ஒரு வேலையைச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் சத்தம் போட்டு நிற்க வேண்டும். முடிந்த மாதிரி பாவனை செய்து நகர்ந்துவிடக் கூடாது. கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வாள்.

துளசியின் பள்ளிக்கு வந்தவை அந்தக் கடையின் கணினிகள். ஒன்று மட்டும் தலைக் கணினி. பிள்ளைகளின் வேலைகளெல்லாம் அதில் இருக்கும்; மற்றவற்றிலிருந்து அதைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு வருடம் பிரச்சனையே இல்லை.

இந்த ஆண்டு மாவட்ட அளவில் கதைப் போட்டி அறிவித்தார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களின் கதைகள் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். துளசி எல்லா வகுப்புக்கும் பயிற்சி வைத்தாள். கோப்புக்கு 'என் கதை' என்று பெயர் வையுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னாள். ஆறாம் ஆண்டில் கண்மணி எழுதியதைப் படித்துவிட்டு இதுதான் பள்ளியின் கதை என்று முடிவும் செய்துவிட்டாள். மெலாவத்தி மலைக் குரங்கு ஒன்று சுற்றுலாப் பயணியின் கைப்பேசியைத் திருடி, தெரியாத்தனமாகப் போலீசுக்கு அழைத்துவிடுகிற கதை. கண்மணி வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. போட்டி என்று ஒன்றுக்கு அவள் பெயர் போவது இதுதான் முதல் தடவை.

கடைசி நாளுக்கு முந்தைய வார இறுதியில் தலைக் கணினி மெதுவாக ஓடியதால், லோகேஸ்வரி அனுப்பியிருந்த புதிய பதிப்பைத் துளசியே போட்டாள். எளிதாகத்தான் இருந்தது. 'நகலெடுத்தல் வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்று திரையில் வந்தது. அடுத்து. துடைக்கலாமா என்று கேட்டது. அடுத்து.

திங்கட்கிழமை கண்மணி தன் கோப்பைத் திறந்தாள். உள்ளே குரங்கைக் காணோம். பூனை இருந்தது.

"டீச்சர், இது என் கதை இல்ல. தங்கச்சி கதை."

தங்கை தனேஸ்வரி நாலாம் ஆண்டு. வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். துளசி அவளை அழைத்து விசாரித்தாள்.

"அக்கா போல்டர்ல நீ கை வச்சியா?"

"வைக்கல டீச்சர்."

"பின்ன உன் பூனை எப்படி அங்க போச்சு?"

"அதுகிட்டதான் கேக்கணும்," என்றாள் தனேஸ்வரி. அழுகையும் கோபமுமாக வந்த பதில். வகுப்பு சிரித்தது. துளசி அவளை வெளியே நிற்கச் சொன்னாள்.

அதற்குள் இன்னொரு மூலையிலிருந்து சத்தம் வந்தது. மகேந்திரனின் கோப்பில் அவன் தம்பியின் கதை இருந்தது. துளசி வெளியே போய் தனேஸ்வரியை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். பிறகு லோகேஸ்வரியைக் கூப்பிட்டாள்.

லோகேஸ்வரி மதியமே வந்துவிட்டாள். பசியாறியதைப் பற்றிக் கேட்கவில்லை. தலைமையாசிரியர் கணினி அறை வாசலில் நின்றபடி, வைரஸ் என்று பெற்றோரிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"வைரஸ் இல்ல சார். இருங்க, பாத்துச் சொல்றேன்."

பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"டீச்சர், யார் யாருக்குப் போயிருக்கு?"

"அக்கா தங்கச்சிங்க. அண்ணன் தம்பிங்க. அண்ணன் தங்கச்சியா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "திருப்பிச் சொல்லுங்க."

துளசி திருப்பிச் சொன்னாள்.

"பேரை எப்படிப் போட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான். பிறப்புப் பத்திரத்துல இருக்கிற மாதிரி. கண்மணி ஏ/பி செல்லையா."

லோகேஸ்வரி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று துளசிக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும் இல்லை.

இந்த நாட்டில் தமிழர் பெயருக்கு நடுவே அந்த எழுத்துகள் இருக்கும். மகள் என்றால் ஏ/பி, மகன் என்றால் ஏ/எல். மலாய்ச் சொற்களின் சுருக்கம். பிறந்த நாளிலேயே பத்திரத்தில் ஏறிவிடும். ஆனால் கணினிக்கு அந்தச் சாய்கோடு பெயரின் பகுதி இல்லை. 'இதற்குள்ளே' என்று அர்த்தம். ஆகவே அது 'கண்மணி ஏ' என்று ஒரு போல்டர் திறந்து, அதற்குள்ளே 'பி செல்லையா' என்று இன்னொன்றைத் திறந்தது. தனேஸ்வரிக்கும் அப்படியே. துடைப்பதற்கு முன்னால் வேலைகளைத் தூக்கி ஓரமாக வைத்த மாடியூல், உள்ளே இருந்த போல்டரை மட்டும் தூக்கியது. செல்லையாவின் மகள்கள் இருவருமே அங்கே 'பி செல்லையா'. பின்னால் வந்த தங்கையின் 'என் கதை' முன்னால் வந்த அக்காவின் 'என் கதை' மேல் உட்கார்ந்துகொண்டது. அண்ணனும் தங்கையும் என்றால் ஒருவர் எல், ஒருவர் பி, தப்பித்தார்கள்.

"போல்டருக்குள்ள போல்டரா இருந்துச்சுக்கா," என்றாள் துளசி. "நீங்கதான் அப்படி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க அப்படித்தான் நெனப்பீங்க. நான்தான் நெனச்சிருக்கணும். சோதிச்சுத்தான் அனுப்பினேன் டீச்சர். என் பேரையே போட்டு."

"உங்க பேர்லயும் ஏ/பி இருக்குமே."

"இருக்கு. ஆனா போட மாட்டேன். பேங்க்ல போட்டா வாங்காது. பிளேன் டிக்கெட்ல வாங்காது. தப்பான எழுத்துன்னு சிவப்பா காட்டும். பதினஞ்சு வயசுல இருந்து எங்க போனாலும் 'லோகேஸ்வரி நடராஜா'ன்னே அடிச்சுப் பழகிடுச்சு. கடையில மலாய்ப் பிள்ளைங்க பேரு போட்டுப் பாத்தேன், மகன்னா 'பின்', மகள்னா 'பிந்தி'ன்னு முழுசா எழுதுவாங்க, கோடே கிடையாது. சீனப் பேரும் ஓடிச்சு. எல்லாம் ஓடிச்சு. நம்ம பேரைத் தவிர."

அழிந்த கதைகளைத் தேடி மாலை வரை தலைக் கணினியின் டிஸ்க்கைத் தோண்டினாள். மகேந்திரனின் கதை முழுதாகக் கிடைத்தது. வேறு சிலருடையது பாதி. கண்மணியின் கதை இருந்த இடத்தில் புதிய சிஸ்டம் ஏறியிருந்தது. ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

இதைக் கண்மணியிடம் லோகேஸ்வரியே சொன்னாள். கண்மணி தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரே கேள்வி:

"மறுபடி எழுதணுமா?"

"எழுத முடியுமாம்மா?"

"அதே மாதிரி வராது."

வரவும் இல்லை. வியாழனுக்குள் தாளில் எழுதிக் கொடுத்தாள், துளசி தட்டச்சு செய்தாள். முந்தையதைவிடச் சின்னது; துளசி படித்துச் சிரித்த, போலீஸ்காரர் பேசுகிற இடம் அதில் இல்லை. கண்மணிக்கே அது நினைவில்லை. வெள்ளிக்கிழமை கதை போய்ச் சேர்ந்தது. பரிசு கிடைக்கவில்லை. முதல் கதைக்குக் கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. துளசி தனேஸ்வரியைத் தனியாக அழைத்து, வெளியே நிற்க வைத்தது தப்பு என்றாள். "பரவால்ல டீச்சர்," என்று அவள் ஓடிவிட்டாள்.

லோகேஸ்வரி நடந்ததை ஒளிக்காமல் அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதினாள். ஒருவர் உடனே பதில் போட்டார்: அந்தக் கோட்டைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டால் தீர்ந்தது. அவளும் ஓர் இரவு முழுக்க அப்படித்தான் நினைத்தாளாம். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் அப்படி எடுத்ததால்தான் தனக்கு அந்தக் கோடே மறந்துபோனது என்று தோன்றியிருக்கிறது. எடுக்கவில்லை. போல்டருக்கு ஓர் எண்ணைக் கொடுத்தாள். பிள்ளையின் பெயர் பத்திரத்தில் உள்ளபடியே திரையில் தெரியும். மண்டோரிடம் மூன்றாவது ஆளையும் சேர்த்தாள். துடைப்பதற்குச் சற்று முன்னால் அவன் எழுந்து நின்று, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எடுத்துவைத்த கதையின் முதல் வரியையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுவான். ஆசிரியர் படித்துப் பார்த்த பிறகுதான் மேலே போவான்.

பள்ளி விடுமுறையில் அதைப் போட்டுக் காட்ட வந்தாள். பெயர்கள் வரிசையாக வந்தன. துளசி பழக்கத்தில் 'அடுத்து' பக்கம் விரலைக் கொண்டுபோனாள். படிக்கவில்லை. லோகேஸ்வரி அந்த விரலைப் பார்த்தாள்.

"இதுதான் டீச்சர் பிரச்சனை. நானும் இப்படித்தான் அமுக்குவேன்."

துளசி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேல இருக்கிற வரியைப் படிங்க."

"'தரவுகளைச் சரிபார்க்கவும்.'"

"நான்தான் எழுதினேன். யாரு படிப்பா இதை? நானே படிக்க மாட்டேன். நீங்க எழுதிக் குடுங்க டீச்சர். தமிழ்ல ஒரு வரி, மலாய்ல ஒரு வரி. பயமுறுத்தக் கூடாது, அப்புறம் மெஷினையே தொட மாட்டாங்க. ஆனா படிச்சதும் கை நிக்கணும். நீங்க கிளாஸ்ல சத்தமே போட மாட்டீங்க, ஆனா ஒண்ணு சொன்னீங்கன்னா பிள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாக்குதுங்கல்ல, அந்த மாதிரி ஒரு வரி எனக்கு வேணும்."