ஊளை வராத செட்

“ஊதாதீங்க தலைவரே. அது என்ன அடுப்பா?”

கட்சிக் கூட்டமானாலும் காதுகுத்தானாலும் இராமலிங்கம் முதலில் சொல்வது இதைத்தான். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மைக் முன்னால் வந்து நின்றதும் ஒருமுறை ஊதிப் பார்ப்பார், இல்லையென்றால் விரலால் தட்டிப் பார்ப்பார். தட்டுகிறவர்களுக்கு வேறு வாக்கியம் வைத்திருக்கிறார்: “உள்ள யாரும் இல்லீங்க, தட்டாதீங்க.” சொல்லிவிட்டு, தோளில் கிடக்கும் மஞ்சள் துணியால் மைக்கின் தலையைத் துடைத்து, பேசுகிறவரின் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குத் திரும்பிவிடுவார். அதன்பிறகு கூட்டம் முடியும்வரை அவருடைய வலது கை வால்யூம் திருகைவிட்டு நகராது. மூக்கு அரித்தால்கூட இடது கைதான்.

செங்கம் சாலையில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அவருடைய வீடு. முன்னறையில் ‘சரோஜா சவுண்ட் சர்வீஸ்’. சரோஜா அவருடைய மனைவி. இராமலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது, கட்டையான உடம்பு, எப்போதும் மடித்துக்கட்டிய வேட்டி. ஊரில் அவரைவிடப் பெரிய செட் வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு இருக்கும் பெயர் அவர்களுக்குக் கிடையாது. மைக்குக்குள் போன சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து, திரும்பவும் மைக்குக்குள் நுழைந்தால் ‘ஊய்’ என்று ஒன்று கிளம்பும். கூட்டம் மொத்தமும் காதைப் பொத்திக்கொள்ளும். அதை இராமலிங்கம் ஊளை என்பார். இருபத்துநான்கு வருடங்களில் அவர் செட்டில் ஒருமுறைகூட ஊளை வந்ததில்லை. வருவதற்கு ஒரு நொடி முன்னால் தன் இடது காது துடிக்கும் என்று சொல்வார். நம்பாமல் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். துடிக்கத்தான் செய்கிறது.

இதில் கஷ்டப்படுவது சரோஜா அக்காதான். “எங்க வூட்ல பருப்பே வேகாது தம்பி. குக்கர் உஸ்ஸுன்னு ஆரம்பிக்கும்போதே எங்க இருந்தாலும் ஓடியாந்து அடுப்ப கம்மி பண்ணிட்டுப் போயிடுவாரு. விசில் வர விட்டாத்தான?” என்பார். அந்த வீட்டு சாம்பாரில் பருப்பை எண்ணிவிடலாம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் போன வருடம் ஜூலையில் ரோலண்ட் வந்து சேர்ந்தார்.

ரோலண்ட் எங்கள் ஊர் ஆசிரமத்துக்குப் பின்தெருவில் தங்கம்மாள் வீட்டு மாடியில் எட்டு மாதமாக வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர். மெலிந்த ஆள். வழுக்கைக்குக் கீழே நரைத்த முடியைச் சின்னக் குடுமியாகக் கட்டியிருப்பார். காலையில் ஒரு இளநீர், சாயங்காலம் ஒரு நடை, வேறு சத்தமே கிடையாது. ஒருநாள் வேறு நாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் அவரைத் தெருவில் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அதன்பிறகுதான் தெரிந்தது, அவர் ஒரு காலத்தில் கிதார் வாசித்து மைதானம் மைதானமாகக் கூட்டம் சேர்த்தவர் என்று. தங்கம்மாள் அப்போதும் அசரவில்லை. “இருக்கட்டும். கரண்ட்டு பில்லு ஒழுங்கா கட்றாரு” என்றார்.

அந்த ஜூலையில் ரோலண்டுக்கு அறுபது முடிந்தது. இங்கே அறுபது முடிந்தால் கல்யாணம் பண்ணுவார்கள் என்று தங்கம்மாள் சொல்ல, தனக்குப் பெண்டாட்டி இல்லையே என்று ரோலண்ட் யோசித்து, கல்யாணத்துக்குப் பதிலாகக் கச்சேரி வைப்பது என்று முடிவானது. சாலையோரத்துச் சின்னக் கல்யாண மண்டபம், ஞாயிறு மாலை ஐந்து மணி. கிதாரை அவரே வைத்திருந்தார். செட்டுக்கு இராமலிங்கம்.

அன்றைக்கு இராமலிங்கத்துக்கு இன்னொரு கவலை. ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்று விழாவுக்கு யாருடைய செட் என்பதை முடிவு செய்கிற அறிவுச்செல்வன், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து செட்டைக் கேட்டுப் பார்க்கவே வருவதாகச் சொல்லியிருந்தார். கலெக்டர் பேசும் மைதானம். இத்தனை வருடத்தில் இராமலிங்கத்துக்கு ஒருமுறையும் கிடைக்காத வேலை அது. போன தடவை வைத்தவரின் செட் தேசிய கீதத்தின் நடுவில் ஊளையிட்டதால் இந்தமுறை கதவு திறந்திருந்தது.

நாங்கள் நாலு மணிக்கே போய்விட்டோம். மண்டப வாசலில் தங்கம்மாள் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுமாக நின்று வருகிற எல்லோர் கையிலும் கொஞ்சம் கொட்டினார். வெள்ளைக்காரர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். கடைத்தெரு ஆட்களும் அதே அளவு. மேடையில் ரோலண்டுக்கும் இராமலிங்கத்துக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தங்கம்மாள் வீட்டுச் சாப்பாட்டில் ரோலண்ட் இரண்டு தமிழ்ச் சொற்கள் கற்றிருந்தார். அவர் ஆம்ப்ளிஃபயரைக் காட்டி “ஜாஸ்தி” என்பார். இராமலிங்கம் தலையை ஆட்டி “கம்மி சார்” என்பார். ரோலண்ட் சிரித்துக்கொண்டே மறுபடியும் “ஜாஸ்தி” என்பார். கடைசியில் தங்கம்மாள் மகள் அருணாதேவி ஏறி வந்து ஜாஸ்திக்கும் கம்மிக்கும் பாதியில் நிறுத்தி வைத்தாள். அவள் ஆங்கில இலக்கியம் படிக்கிறவள்.

முதல் பாட்டு தொடங்கியதுமே இராமலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. கிதார் கரகரவென்று, தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போவதுபோல வந்தது. லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து, குனிந்தபடியே மேடைக்கு ஏறி ஒயரின் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். பின்னைக் கழற்றித் துடைக்கப் போனார். ரோலண்ட் வாசிப்பதை நிறுத்தாமல், காலடியில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். அதை மிதித்தால் கரகரப்பு, விட்டால் சுத்தம். மிதித்தும் விட்டும் இரண்டுதடவை காட்டினார். இராமலிங்கம் கீழே இறங்கி வந்து என்னிடம் சொன்னார்: “நல்லா இருக்கறத காலால மிதிச்சுக் கெடுக்கறாரு தம்பி. அதுக்குத் தனியா பெட்டி வேற செஞ்சு வெச்சிருக்காங்க.”

முன்வரிசையில் அறிவுச்செல்வன் சட்டைப்பையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். கடைத்தெரு ஆள் ஒருவர் அவரிடம் குனிந்து, “பந்தி எப்ப சார் போடுவாங்க?” என்று கேட்டுப் பார்த்தார். பின்னால், தினமும் ஆசிரமத்தில் கண்ணை மூடி ஆடாமல் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரர்கள் எழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ரோலண்ட் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கிதாரைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டியை நோக்கி மெல்ல நடந்தார். கம்பியைத் தட்டவில்லை, நின்றார், அவ்வளவுதான். இராமலிங்கத்தின் இடது காது துடித்தது. ‘ஊ’ என்ற முதல் எழுத்து வெளியே வருவதற்குள் வால்யூமைச் சுத்தமாக இறக்கிவிட்டார்.

மண்டபம் செத்துப்போனது மாதிரி ஆனது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ரோலண்டும் பார்த்தார். அருணாதேவி மேடைக்கு ஓடி அவரிடம் பேசிவிட்டு இராமலிங்கத்திடம் வந்தாள்.

“அண்ணா, அவரு அதத்தான் வாசிக்க வந்தாராம். அந்தச் சத்தத்தக் கேக்கறதுக்குத்தான் நாப்பது வருஷமா ஜனங்க வராங்களாம்.”

“அது ஊளைம்மா.”

“ஆமாண்ணா. அதுதானாம்.”

“என் செட்டுல வரக்கூடாதும்மா. சார் முன்னாடி உக்காந்திருக்காரு” என்றார் இராமலிங்கம். துணியால் முகத்தைத் துடைத்தார். மைக் துடைக்கும் துணியால் அவர் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை.

ரோலண்ட் மேடை ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அவருக்கு நேராகக் குனிந்து, விரலால் தரையில் ஒரு இடத்தைக் காட்டினார். ஸ்பீக்கருக்கு மூன்றடி, கொஞ்சம் இடது பக்கம். இராமலிங்கம் அந்த இடத்தையே பார்த்தார். கச்சேரிக்கு முன்னால் அவரே அந்த இடத்தில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார், யாரும் நிற்கக்கூடாது என்று.

இராமலிங்கம் மேடையேறி மைக்கிடம் போனார். ஊதவில்லை, தட்டவில்லை.

“பொதுமக்கள் கவனத்துக்கு. இப்ப வரப்போற சத்தம் செட்டோட கோளாறு இல்ல. வாசிக்கிறவரு தெரிஞ்சே பண்றாரு. சரோஜா சவுண்ட் சர்வீஸ் இதுக்குப் பொறுப்பு கெடையாது.”

அருணாதேவி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் வெள்ளைக்காரர்கள் அதுவரை எந்தப் பாட்டுக்கும் தட்டாத அளவு கை தட்டினார்கள். இராமலிங்கம் இறங்கி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் கையாலேயே வால்யூமை ஏற்றினார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் எல்லோரும் காதைப் பொத்தினோம். பிறகு ஒவ்வொருவராகக் கையை எடுத்தோம். ரோலண்ட் அரை அடி இடது பக்கம் நகர்ந்தால் அது இறங்கியது, வலது பக்கம் நகர்ந்தால் ஏறியது. கையே படாத கம்பி ஒரு ராகம்போல வளைந்துகொண்டு போனது. பந்தியைக் கேட்டவர் வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அழுதுகொண்டிருந்தாள். தங்கம்மாள் கிண்ணத்தோடு உள்ளே வந்து, “எட்டு மாசமா குண்டூசி உழுந்த சத்தம்கூட இவரு ரூம்புலேருந்து கேட்டதில்ல. இவ்ளோ சத்தத்த எங்கதான் வெச்சிருந்தாரோ” என்றார். இராமலிங்கம் எப்போது கண்ணைத் திறந்தார் என்று தெரியாது. நான் பார்த்தபோது அவர் ரோலண்டின் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அறிவுச்செல்வன் வந்தார்.

“ஏம்பா, கலெக்டர் பேசும்போது இந்த மாதிரி வருமா?”

“அவரா கேட்டா வரும் சார். கேக்கலன்னா வராது.”

அறிவுச்செல்வன் பேனாவை எடுத்து இராமலிங்கத்தின் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இராமலிங்கம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். “எங்க நின்னா ஊளை வரும்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் அங்க நிக்காதன்னு சொல்றேன். அந்த ஆளு அங்கதான் நிப்பேங்கறாரு.”

கொடியேற்று விழா ஊளையில்லாமல் நடந்தது. கலெக்டர் ஊதப் போனபோது, “ஊதாதீங்க சார்” என்பதோடு இராமலிங்கம் நிறுத்திக்கொண்டார். அடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

அதற்கு மறுநாள் காலை. சரோஜா அக்கா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே குக்கர் உஸ்ஸென்று ஆரம்பித்தது. இராமலிங்கம் முன்னறையிலிருந்து வழக்கம்போல ஓடினார். எங்கள் வாசலிலிருந்து அவர்கள் சமையலறை ஜன்னல் நேராகத் தெரியும். கை அடுப்பின் திருகுவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முதல் விசில் அலறியது. தெருவில் சரோஜா அக்கா குடத்தை நிரம்பி வழியவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது விசிலுக்கு இராமலிங்கம், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, அரை அடி இடது பக்கம் நகர்ந்து நின்று பார்த்தார்.