வதனி அக்காவும் ‘ஒண்டுமில்லை’யும்

வதனி அக்கா செத்துப்போனா எண்ட செய்தி எனக்கு வந்தது கிளினிக் வாங்கிலை என்ரை முறைக்குக் காத்துக்கொண்டு இருக்கேக்கை. அவவின்ரை தம்பி அவவின்ரை பேஸ்புக் பக்கத்திலையே போட்டிருந்தான். நான் போனை வயித்திலை வச்சுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டன். எனக்கு ஏழு மாசம்.

அவவை நான் நேரிலை கண்டதே இல்லை. அவவின்ரை ஊர் கரவெட்டி, என்ரை ஊர் கோப்பாய். அவவின்ரை பக்கத்துக்கு வாற உங்களைப்போலை நானும் அவவின்ரை லைவ் ஒண்டையும் விடாமல் பாத்தனான். ரண்டு கிட்னியும் பழுது. ரத்தம் சுத்தம் செய்யிற மெசினுக்குக் கையைக் குடுத்துக்கொண்டு படுத்திருந்து, எங்களைப்போலை பிள்ளைத்தாச்சியளுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் பிரஷர்க்காரருக்கும் கதைப்பா.

“டொக்ரர் ‘ஏதும் கரைச்சல் இருக்கோ’ எண்டு கேட்டால் ‘ஒண்டுமில்லை’ எண்டுவியள். வெளியிலை வந்து வாங்கிலை இருக்கிற மனிசிக்குத் தலையிடியிலை இருந்து கால்வீக்கம் வரைக்கும் முழுக் கதை. அந்த மனிசி என்ன, மருந்து எழுதுமோ?”

ஒராள் லைவுக்குக் கீழை எழுதினா, “அவ்வளவு சனம் அக்கா, டொக்ரருக்கு நேரமில்லை” எண்டு.

“ஓம், நேரமில்லைத்தான். ஒராளுக்கு ரண்டு நிமிசம். அந்த ரண்டு நிமிசமும் உங்கடைதானே, பிள்ளை, ஏன் திருப்பிக் குடுக்கிறியள்?”

போன கிழமை லைவிலை அவவுக்கு முகம் ஊதியிருந்தது. மூச்சை இழுத்து இழுத்துத்தான் கதைச்சா. நான்தான் எழுதினன்: “அக்கா, முகம் வீங்கியிருக்கு. டொக்ரரிட்டைக் காட்டுங்கோவன்.” வாசிச்சிட்டுச் சிரிச்சா. “அது லைற் வெளிச்சம், பிள்ளை. ஒண்டுமில்லை.”

அவவே சொன்னா. அதுதான் எனக்குப் பயம். எல்லாம் தெரிஞ்ச அவவுக்கே அந்தச் சொல்லுத்தான் வாயிலை வந்ததெண்டால், எனக்கு என்ன வரும்?

என்ரை பேரைக் கூப்பிட்டினம். காலமை தொடக்கம் தலையிடி, கண்ணுக்கை பூச்சி பறக்கிற மாதிரி. சொன்னால் வாட்டிலை மறிச்சுப் போடுவினம், வீட்டை விடமாட்டினம் எண்டு தெரியும். டொக்ரர் தலையை நிமித்தாமல், “ஏதும் கரைச்சல் இருக்கோ?” எண்டார். ‘ஒண்டு’ எண்டது வரைக்கும் எனக்கு வாயிலை வந்திட்டுது. பிறகு விழுங்கிப்போட்டு, “இருக்கு டொக்ரர்” எண்டன். அவர் பேனையை வச்சிட்டு என்ரை முகத்தைப் பாத்தார். பிரஷரைத் திரும்பவும் பாக்கச் சொன்னார்.

இதை வாட்டுக் கட்டிலிலை இருந்துதான் எழுதுறன். கேட்டால், “பிரஷர் கூடிப்போச்சு, பாப்பம்” எண்டு மட்டும் சொல்லினம். நல்லாப் பயமாக் கிடக்கு. பிள்ளை துடிக்குது, அதையே எண்ணிக்கொண்டிருக்கிறன்.

அக்கா, உங்களிட்டை இருந்து என்னட்டை இருக்கிறது அந்த ரண்டு நிமிசந்தான். நான் திருப்பிக் குடுக்கேல்லை.