யாரும் ஓட்டாத விமானம்

விமானத்தை மேலே கொண்டுபோய், வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே விழவைத்து மீட்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஸ்டால் என்பார்கள்.

"எஞ்சின் ஆஃப் ஆயிடுமா, நம்மாத்து ஸ்கூட்டர் மாதிரி?" என்றார் என் கணவர்.

ஆகாது. எஞ்சின் பாட்டுக்கு ஓடும். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் காற்று இறக்கையோடு ஒட்டிப் போகாமல் பிய்த்துக்கொள்ளும். தாங்க எதுவுமில்லாமல் மூக்கு தொப்பென்று கவிழும். அப்போது கையிலுள்ள பிடியைக் கொஞ்சம் முன்னால் விட்டால் போதும், இறக்கைக்கு உயிர் வந்துவிடும்.

கணக்கு டீச்சரான எனக்கு இது வரைபடத்தோடு தெரியும். ஆனால் நாற்பத்தாறு வயதில், நாலாயிரம் அடி உயரத்தில், கண்ணாடி முழுக்கத் தரை தெரியும்போது வரைபடமாவது மண்ணாவது! பிடியை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொள்வேன். இழுத்தால் இன்னும் மோசம். அதுவரை நடந்த மூன்று ஸ்டால் வகுப்பிலும் இழுத்தேன்.

என் பயிற்சியாளர் நொச்சிக்குப்பத்துக்காரர். என் பழைய மாணவர்கள் வயதுதான் இருக்கும். தரையில் அவர் தம்பி, மேலே ஏறினால் சார். நாலாவது வகுப்பன்று ஏறும்போதே சொல்லிவிட்டார்.

"அக்கா, இன்னிக்கும் இஸ்துகினேன்னு வையி, தனியா அனுப்ப மாட்டேன். அப்புறம் என்னாண்ட கோச்சுக்காத."

தனியாகப் பறக்கத்தானே ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் மயிலாப்பூரிலிருந்து ஊருக்கு வெளியே அந்தச் சின்ன விமானத் தளத்துக்கு ஓடினேன்! முந்தின நாள் சாயங்காலம்கூட சாப்பாட்டு மேஜை முன்னால் தாம்பாளத்தையே பிடியாக வைத்துக்கொண்டு பழகினேன். ஸ்டால் வரப்போகிறதென்று விமானத்தில் அலறும் எச்சரிக்கை ஹாரனுக்குப் பதில் என் கணவர்தான். "பீ...ஈ...ஈ! பாரு, மறுபடியும் இழுக்கறே! தாம்பாளத்த நெளிச்சுடாதே."

மேலே போனோம். வேகத்தைக் குறைத்தேன். மூக்கு ஏற ஏற ஹாரன் அலறியது, கணவரைவிடச் சுமாரான குரலில். விமானம் உதறியது. மூக்கு கவிழ்ந்தது. வழக்கம்போல் இழுத்துக்கொண்டேன்.

அந்த உதறலில் மடியிலிருந்த குறிப்புப் புத்தகம் நழுவி, சரியாக என் வலது காலடியில் போய் விழுந்தது. புத்தகத்தை மிதித்துவிட்டேன்!

அவ்வளவுதான். விமானம், வானம், பயம் எல்லாம் மறந்துபோயிற்று. பிடியை விட்டுவிட்டு, பெல்ட் விட்ட தூரம் குனிந்து, கை எட்டாமல் முழங்காலையே தொட்டு, பக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் உதறல் இல்லை. ஹாரன் இல்லை. மூக்கு தானாகத் தணிந்து, வேகம் வந்து, விமானம் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பயிற்சியாளர் காப்பாற்றிவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் கைகள் இரண்டும் மடியில் கோத்துக் கிடந்தன.

"சார், யார் ஓட்டறா?"

"யாரும் ஓட்டலக்கா. அது பாட்டுக்கு போய்க்கினு கீது. நீதான் வுட மாட்டேன்ற."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக என் பலத்தில்தான் இந்த விமானம் மேலே நிற்கிறது என்று நினைத்திருக்கிறேன் பாருங்கள்!

"இன்னொண்ணு போலாமா? இந்த வாட்டி புக்க மிதிக்காம" என்றார்.

மறுபடி ஹாரன், மறுபடி உதறல், மறுபடி கவிழ்ந்த மூக்கு. என் கை இழுக்கத்தான் பார்த்தது. சும்மா இரு என்று வகுப்பறைக் குரலில் அதட்டினேன். விட்டேன். விமானம் எழுந்துகொண்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நச்சரித்ததில் அவருக்குத்தான் தலை சுற்றியது.

அடுத்த ஞாயிறு அவர் என் பக்கத்திலிருந்து இறங்கி, குறிப்புப் புத்தகத்தை என் சட்டைப் பையில் திணித்துக் கதவைச் சாத்தினார். ஓடுபாதை கீழே நழுவியது. காலி இருக்கையைப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்க மறந்த கைகளோடு, என்னைத் திட்ட ஆளில்லாத ஆகாயத்தில், ஓவென்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.