தலையணை உறையில் ஒரு குருவி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘பாருங்களேன் அக்கா’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. இருபத்திரண்டு வருடமாக அந்த வார்த்தை அவள் நாக்கு நுனியிலேயே குடியிருந்தது. சோப்பு நுரையில் ஏழு நிறம் தெரிந்தால் பாருங்களேன். நோயாளிகள் புரண்டு புரண்டு நாசமாக்கிய விரிப்பு மறுபடி வெள்ளையாக வெளியே வந்தால் அதற்கும் பாருங்களேன். “அக்காவுக்கு ஆண்டவர் அழுக்கு மூட்டைக்குள்ளேயே தரிசனம் குடுத்துடுறாரு” என்று மெஷின்காரர் ஒருமுறை சொன்னார். அவர் கிண்டலாகச் சொன்னதை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்படிப்பட்டவளை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையின் பின்பக்கப் படிக்கட்டில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒன்று இவள். இன்னொன்று அதே ஆஸ்பத்திரியில், மேலே குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் நர்ஸ். பதினோரு வருடப் பழக்கம். அந்த வாரம் ஆண்டவரை நினைத்து வாயடைத்துப்போன ஒரு விஷயத்தை ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றவள் “ஸ்தோத்திரம்” என்று சொல்ல வேண்டும். கேட்டது, படித்தது எதுவும் செல்லாது. சொந்தக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சட்டம் போட்டது இவள்தான். வாரம் பூரா அவரிடம் இதைக் கொடு அதைக் கொடு என்று நச்சரிக்கிறோமே, கேட்காமலேயே அவர் செய்துவைத்திருப்பதை யார்தான் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது அவள் கட்சி.

இவள் கொண்டுபோவது நுரையும் நீராவியும். நர்ஸ் கொண்டுவருவது குழந்தைகள். சலவைக்கூடத்து ஆட்கள் பின்வாசலால் வந்து பின்வாசலால் போகிறவர்கள். மேல்மாடியின் முகமே இவளுக்குத் தெரியாது. நர்ஸின் கண்தான் மேலே இவளுக்கும் கண்.

மூன்று வருடத்துக்கு முன் இவள் புருஷன் சாகக் கிடந்தபோது, ஒன்பதாம் நம்பர் கட்டில் பையனைப் பற்றி நர்ஸ் சொன்னாள். உயிர் பிரிகிற நேரத்தில் அவன் சுவர் மூலையைப் பார்த்துச் சிரித்து, “கதவு தெறந்திருக்கு” என்றானாம். அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் புருஷனின் காதில் அதைச் சொன்னாள். அவர் கேட்டார். மறுநாள் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவள் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறாள்.

போன ஞாயிறு நர்ஸ் கொண்டுவந்தது ஒரு குருவி. விபத்துக்குப் பிறகு ஒரு மாதமாகப் பேச்சே வராத ஐந்து வயதுப் பெண், நர்ஸின் பேனாவால் தலையணை உறையில் நீல மையில் ஒரு குருவி வரைந்ததாம். வெள்ளிக்கிழமை அதைத் தொட்டுக் காட்டி “குருவி” என்றதாம். “ஸ்தோத்திரம்” என்று இவள் சொன்ன சத்தத்தில் பின்பக்கச் சுவரே அதிர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் வார்டு மூட்டைகள் இறங்கின. குழந்தைகள் வார்டுத் துணிக்கு மூலையில் மஞ்சள் நூல். கொதிக்கிற தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் அந்தக் குருவியை விட்டுவைக்குமா என்று அவளுக்குப் பகீரென்றது. மெஷினை நிறுத்தச் சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் எல்லோரும் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார்கள். கடவுளாவது கத்தரிக்காயாவது என்று பேசும் மடிப்பு மேசைக்காரிதான் எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினாள். மஞ்சள் நூல் போட்ட அத்தனை உறைகளையும் விரித்துப் பார்த்துவிட்டார்கள். மருந்துக் கறை, பால் கறை, ரத்தம். குருவி இல்லை.

மூட்டை இறக்கும் பெரியவரிடம் கேட்டாள். அப்படி ஒரு பிள்ளையே வார்டில் இல்லை என்றார். நர்ஸின் அடையாளத்தைச் சொன்னாள்.

“அந்தம்மாவா? அவங்க வார்ட விட்டுப் போயி நாலு வருஷமாச்சே. ரெண்டாவது மாடி, ரெக்கார்டு ரூம்ல இருக்காங்க.”

மெஷின்காரர் மெஷினை ஓடவிட்டார். யாரும் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நான்கு வருடம். புருஷன் போனது மூன்று வருடத்துக்கு முன்.

சாப்பாட்டு நேரத்தில், ஈரக் கையோடு, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக மேலே ஏறினாள். ரெக்கார்டு ரூமில் கூரை வரைக்கும் ஃபைல்கள். நடுவில் நர்ஸ் ஃபைல்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததுமே அவள் கை நின்றுவிட்டது.

“குருவி கெடைக்கல” என்றாள் இவள்.

நர்ஸ் மறைக்கவில்லை. ஒரே மாதத்தில் ஐந்து பிள்ளைகள் கையிலேயே போனதையும், அதற்குப் பிறகு எந்தக் கட்டில் பக்கம் நின்றாலும் ஆண்டவர் கண்ணில் படவே இல்லை என்பதையும், தானே கேட்டு மாற்றல் வாங்கியதையும் சொன்னாள். அதைச் சொல்லத்தான் அடுத்த ஞாயிறு வந்தாளாம். “நீங்க படியில எடம் போட்டு வச்சு என் வாயையே பாத்துட்டு இருந்தீங்க. வெறுங்கையோட எப்படிக்கா வர்றது?” முதலில் பழைய கதைகளைச் சொன்னாளாம். அவை தீர்ந்ததும் புதிதாகக் கட்டினாளாம்.

“ஒம்பதாம் நம்பர் கட்டில்?”

நர்ஸ் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு.”

“நீங்க அன்னிக்கு அழுதுட்டே வந்தீங்கக்கா.”

“எம் புருஷன் காதுல கடைசியா விழுந்தது உன் பொய்தான். ஆண்டவர் செய்யாததுக்கெல்லாம் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வச்சிருக்கே” என்றாள் இவள். குரலை உயர்த்தவில்லை.

அந்த வாரம் நுரை வெறும் நுரையாக இருந்தது. நிறம் தெரிந்தால், தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி எதைப் பார்த்தும் வாய் பிளக்க முடியாதோ என்ற பயம்தான் அவளைத் தின்றது. ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம் முந்திக்கொண்டு வந்தது. “நீங்களும் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க ஆண்டவரே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள்.

சனிக்கிழமை மடிப்பு மேசைக்காரியோடு பெரிய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அப்படிக் கிட்டே வந்தபோது மேசைக்காரி மெதுவாகக் கேட்டாள்: “அந்தக் குருவி நெஜமாவே இல்லையாக்கா?”

இவள் அவள் முகத்தைப் பார்த்தாள். எதையுமே நம்பாதவள் அந்தக் குருவிக்காக ஐந்து நாளாக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணோரம் ஈரம்கூட இருந்தது. யார் போய் அவளுக்குள் அந்த ஏக்கத்தை வைத்தது? பாருங்களேன் என்று நாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு விரிப்பை வாங்கி அடுக்கினாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கால் பழக்கத்தில் பின்படிக்கட்டுக்கே போய்விட்டது. நர்ஸ் வழக்கமான இடத்தில் உட்காராமல் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“இந்த வாரம் நான் ஒண்ணும் பாக்கலக்கா” என்றாள்.

நான்கு வருடத்தில் அந்தப் படிக்கட்டில் அவள் சொன்ன முதல் உண்மை அது. சட்டப்படி இவள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

“நான் பாத்தேன்” என்றாள் கடைசியில். “ஆனா உங்கிட்ட சொல்றதா இல்ல.”

முன்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேலே பார்த்து, “பாருங்களேன்” என்று தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, “இது நெஜம், நானே பாத்தது” என்று சேர்த்துக்கொண்டு, மேசைக்காரியின் கண்ணோர ஈரத்தைப் பற்றி ஆண்டவரிடம் மீதியைச் சொன்னாள்.