கன்ட்ரோலருக்கு ஒரு பொட்டு

ஆயுத பூசை என்றால் எங்கள் வீட்டில் முதல் மரியாதை அப்பாவின் லோரி சாவிக்குத்தான். கரங்கான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி அது. சாவிக்குப் பக்கத்தில் ஸ்பேனர்கள், அம்மாவின் தையல் கத்தரிக்கோல், என் பள்ளிப் புத்தகங்கள் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வாழையிலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு வருடம், யாரும் பார்க்காத நேரம் பார்த்து அண்ணன் தன் கேம் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து சாவிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வைத்துவிட்டான். அதற்குப் பொட்டு வேறு. கற்பூரத் தட்டைக் கையில் எடுத்த அப்பா அப்படியே நின்றார். "என்னடா இது?" என்றார். "இதுவும் ஆயுதம்தாம்பா" என்றான் அண்ணன். "ஆயுதம்னா சோறு போடணும்டா. இது என்ன சோறா போடுது?" என்று கேட்டுவிட்டு, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் வயரைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் போட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. பூசை முடிகிறவரை நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது அவன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். யாரோ ஆடிக் கழித்த பழைய கேம் பெட்டியோடு சேர்ந்து வந்தது. மலையும் காடும் கடலும் பாழடைந்த கோட்டைகளுமாக ஒரு முழு நாடு அதற்குள் இருந்தது. சண்டை, மந்திரம், பூதம் எல்லாம் உண்டு என்றாலும் அண்ணன் அதிகம் செய்தது நடப்பதுதான். சும்மா நடப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து "அந்தப் பக்கம் போண்ணே" என்றால் அந்தப் பக்கம் போவான். அங்கே ஓர் ஆறு இருக்கும், ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு கிராமம் இருக்கும். நாங்கள் அப்போது தோட்டத்து வீட்டில் குடியிருந்தோம். செம்பனைக் காட்டுக்குள் நான்கடி எடுத்து வைத்தால் போதும், கிராணி என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார். "எந்த வீட்டுப் புள்ளைங்க? இங்க என்ன வேல?" என்பார். அண்ணன் ஒரு தடவை என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இதுக்குள்ள எங்க வேணாலும் போலாம் தங்கச்சி. ஏன் வந்தேன்னு ஒரு ஆளு கேக்க மாட்டான்." அந்த நாட்டின் நடுவில் உச்சி உடைந்த ஒரு மலை நின்றது. எங்கே நடந்தாலும் அது கண்ணில் படும். கோட்டை வாசலில் வழிமறிக்கும் பூதத்துக்குக் 'கிராணி' என்று பெயர் வைத்திருந்தான். அவனை வெட்டிச் சாய்த்த அன்று இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

லூனாசில் தாமான் என்கிற வரிசைவீட்டுக் குடியிருப்புக்கு வந்த பிறகு அண்ணனுக்கு இரண்டாவது பைத்தியம் பிடித்தது. உறுமி மேளம். கோயில் குழுவில் சேர்ந்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த முனகலை எழுப்புகிற வேலை எல்லாருக்கும் கைகூடாது. பல பேர் தேய்த்தால் கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோல் இருக்கும். அண்ணன் தேய்த்தால் அடிவயிற்றில் கேட்கும். இதற்கு எங்கள் சின்னம்மாவே சாட்சி. அம்மாவின் தங்கை அவர். அடுத்த வரிசையில்தான் வீடு. காளியம்மன் திருவிழாவில் அண்ணன் குச்சியை வைத்து மெதுவாக இழுத்தாலே போதும், கூட்டத்தில் முதல் சாமி சின்னம்மாவுக்குத்தான் வரும். வேறு பையன் வாசித்தால் அசைய மாட்டார். கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி நிற்பார். இதைச் சொல்லிப் பெருமைப்பட எங்கள் வீட்டில் அன்று ஆள் இல்லை. உறுமி அடிக்கிற பையன் என்றால் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்பாவும் அப்படித்தான். "ஒரு பக்கம் கேம்மு, ஒரு பக்கம் மேளம். உருப்பட்ட மாதிரிதான்" என்பார். அண்ணன் கூலிம் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் கொடுத்த பிறகும் அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அந்த விளையாட்டின் அடுத்த பாகம் வரும் என்று உலகமே காத்திருந்தது. வருடங்கள் போயின. யாரோ ஒரு படத்தைப் போட்டு இதுதான் என்பார்கள், பொய்யாக இருக்கும். மேளக் குழுப் பையன்களில் பாதிப் பேர் இந்த விளையாட்டின் ரசிகர்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு, அதற்கு அண்ணன்தான் தலைவன். ஒத்திகை முடிந்து மேளத்தைத் துணியில் சுற்றும்போதுகூட அந்தப் பேச்சுதான். புதுப் பாகத்தில் கடலைத் தாண்டிப் போகலாமா, குதிரை உண்டா, கிராணி திரும்ப வருவானா? "ஒனக்குப் பொண்ணு வந்தாலும் வரும், அந்த கேம் வராதுண்ணே" என்று நான் கிண்டல் செய்வேன். "ரெண்டும் வரும் லா, பொறுத்திருந்து பாரு" என்பான்.

ஒரு திருவிழாவில் அண்ணனின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, பினாங்கிலிருந்து வந்திருந்த ஒரு சீனர் அவன் போன் நம்பரை வாங்கிப்போனார். விளையாட்டுகளுக்கும் விளம்பரங்களுக்கும் ஒலி சேர்க்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் அவருக்கு வேலை. சில மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். என் காரில்தான் உறுமியை ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போனோம். எதற்காக என்று சொல்லவில்லை. உள்ளே நடப்பதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று அண்ணனிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். கற்பூரம் காட்டாமல் அண்ணன் மேளத்தைத் தொட மாட்டான். அந்த ஒலிப்பதிவு அறையிலோ தீக்குச்சி உரசக்கூடாது, உரசினால் கட்டடம் முழுக்க மணி அலறும். அவன் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்தூக்கியில் கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்தில் சாக்கடை ஓரமாகக் கற்பூரத்தை ஏற்றி மேளத்துக்குக் காட்டினான். காவலுக்கு நின்றவர் தன் தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகுதான் மேலே வந்தான். அடிக்க வேண்டாம், தேய்த்தால் மட்டும் போதும், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளம்பும்போது சீனர் நேர்மையாகவே சொன்னார். இது சேர்ந்தாலும் சேரலாம், கம்ப்யூட்டரில் செய்த ஒலியை வைத்து இதை எடுத்துவிட்டாலும் எடுத்துவிடலாம், முடிவு அவர் கையில் இல்லை.

திரும்பி வரும் வழியில் பினாங்குப் பாலத்தில் ஏறியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினான். முகம் வெளிறிப்போயிருந்தது. "தங்கச்சி, அவங்க திரைய மாத்துறப்ப ஒரு படம் வந்துச்சு பாத்தியா? அந்த மல. உச்சி ஒடஞ்ச மல." நான் காரை இடது பக்கமாக ஒதுக்கி மெதுவாகத்தான் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு இருக்கிறதே! உலகத்து ரசிகர்கள் எல்லாரும் "வருமா வராதா" என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, வரும் என்று தெரிந்த ஓர் ஆள் லூனாசில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழுவில் பையன்கள் "அது செத்துப்போச்சு பாஸ், விட்டுருங்க" என்று எழுதுவார்கள். இவன் பதிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு மாட்டுப் படத்தை அனுப்பிவிட்டு என்னிடம் வந்து புலம்புவான். விளையாட்டு வருமா என்ற கவலை அவனுக்குப் போய்விட்டது. தன் உறுமி அதில் இருக்குமா என்ற ஒரே கவலைதான். "சின்ன வயசுலேருந்து நான் நடந்த ஊரு தங்கச்சி அது. அதுக்குள்ள என் சத்தம் ஒரு தடவ கேட்டா போதும்" என்றான். அன்றோடு நான் அவனைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன்.

அறிவிப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வெளிநாட்டில் எங்கோ பெரிய மேடை போட்டு வருடாவருடம் புது விளையாட்டுகளைக் காட்டுவார்கள். இந்தத் தடவை உச்சி உடைந்த மலை வரப்போகிறது என்று முதல்நாளே காற்றுவாக்கில் தெரிந்துவிட்டது. மேளக் குழு முழுக்க எங்கள் வீட்டு வரவேற்பறையில் வந்து குந்தியது. டிவியை அண்ணனின் பெரிய ஸ்பீக்கரோடு சேர்த்தார்கள். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். சட்டினி கொண்டுவந்த சின்னம்மா, "என்னடா, கல்யாண வீடு மாதிரி இருக்கு?" என்று வாசலிலேயே நின்றார். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தான் என்பதைவிட நசுக்கினான் என்பதே சரி.

திரை கறுத்தது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்த இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக, அடிவயிற்றிலிருந்து, அது எழும்பியது. நான் "அண்ணே" என்று வாயெடுப்பதற்குள் வாசலில் சட்டினிக் கிண்ணம் விழுந்து உருண்டது. சின்னம்மாவின் கொண்டை அவிழ்ந்திருந்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் கோத்துக்கொண்டு ஆடுகிறார்! "அலாமாக்!" என்று பையன்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அம்மா தோசைக் கரண்டியோடு சாமியறைக்கு ஓடினார். "டிவிய அடைங்கடா!" என்று அப்பா கத்தினார். அடைக்க ஒருவனுக்கும் கை வரவில்லை. உச்சி உடைந்த மலை பனிக்குள்ளிருந்து எழுந்து வர, உறுமி முனக, சின்னம்மா நடுவீட்டுக்கு வந்து நின்றார்.

"யாருடா? யாருடா என்ன இங்க கூப்பிட்டது?"

அம்மா கொண்டுவந்த விபூதித் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்பா, "யாரும் கூப்பிடல தாயே, டிவிதான்…" என்று இழுத்தார்.

"டிவி என்னக் கூப்பிடுமாடா?"

மனிதர் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் என் அண்ணன். அத்தனை மாதம் அம்மாவிடம்கூட மூச்சு விடாதவன். ஆனால் சாமி வந்து நேருக்கு நேர் நின்று கேட்டால் பொய் சொல்ல எங்களில் யாருக்கும் நாக்கு வராது. அண்ணன் முட்டி போட்டபடியே முன்னால் நகர்ந்து கையைக் கூப்பினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "நான்தான் தாயே. அது என் உறுமி. என் கைதான் ஒன்னக் கூப்பிட்டுச்சு" என்றான். சாமி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பிறகு அப்பாவின் தட்டிலிருந்து விபூதியை அள்ளி அவன் நெற்றி நிறையப் பூசிவிட்டு மலையேறியது.

சின்னம்மா தண்ணீர் குடித்துவிட்டு முதலில் கேட்டது, "சட்டினி எங்க?" என்றுதான். முன்னோட்டத்தின் மீதியை யாருமே பார்த்திருக்கவில்லை. சின்னம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, கதவைச் சாத்திவிட்டுத்தான் மறுபடி போட்டோம். பையன்கள் அண்ணனைத் தூக்கி வைத்து ஆடினார்கள். சேர்த்தார்களா மாற்றினார்களா என்று யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கம்ப்யூட்டர் உறுமிக்கெல்லாம் எங்கள் சின்னம்மாவுக்குச் சாமி வராது.

அடுத்த பல வாரங்கள் இணையத்தில் ஒரே கூத்து. முதல் காட்சியில் இருட்டுக்குள் முனகுவது எந்த மிருகம்? கடல் நாகம் என்றார் ஒருவர். இல்லை, மலைக்கு அடியில் தூங்கும் கிழட்டு டிராகன் என்று பக்கம் பக்கமாக எழுதினார் இன்னொருவர். லூனாசில் ஒரு தாமான் வரிசைக்கே பதில் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாமியிடம் சொன்னது ஒப்பந்தத்தில் சேராது என்பது என் கட்சி, இருந்தாலும் அண்ணன் கொடுத்த வாக்கை நாங்கள் எல்லாரும் சேர்ந்து காத்தோம். பிறகு அந்த விளையாட்டைச் செய்கிறவர்களே ஒரு சின்ன வீடியோ வெளியிட்டார்கள். அதில் அண்ணனின் கையும் வளைந்த குச்சியும் வந்தன, கீழே அவன் முழுப் பெயரும் அப்பா பெயரோடு சேர்த்து வந்தது. அதனால்தான் நானும் இன்று தைரியமாக எழுதுகிறேன். என் அண்ணன் அது. ஊரே கேட்கட்டும்.

சின்னம்மாவுக்குச் சாமி வந்த அன்று அப்பா விபூதித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் ரொம்ப நேரம் நின்றார், அவ்வளவுதான். இந்த வருட ஆயுத பூசைக்கு லோரி சாவி, ஸ்பேனர், அம்மாவின் கத்தரிக்கோல், நான் வேலை செய்யும் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த ஸ்டெதஸ்கோப் எல்லாம் வழக்கம்போல் வாழையிலைக்கு வந்தன. அண்ணனின் உறுமியும் குச்சியும் வந்தன. அப்பா கற்பூரத்தை எடுத்தவர் இலையை ஒரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எங்கடா அது?" என்றார். "எதுப்பா?" என்றான் அண்ணன். "அதான்டா, அந்தக் கருப்புச் சாமான்." அண்ணனுக்கு விளங்கவே இல்லை. நான்தான் ஓடிப்போய் டிவி மேசையிலிருந்து கன்ட்ரோலரை எடுத்துவந்தேன். இதற்கு வயர்கூட இல்லை. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏங்க, அது என்ன சோறா போடுது?" என்றார்.

"சோறு போடலனா என்ன?" என்றார் அப்பா. "சாமியே வந்துச்சுல்ல."

விளையாட்டு இன்னும் வெளிவரவில்லை. அடுத்த வருடம் என்கிறார்கள், அண்ணன் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பா வைத்த பொட்டு சரியாக ஒரு பொத்தானின் மேல் விழுந்து காய்ந்து கிடக்கிறது. பழைய பாகத்தை ஆடும்போது அந்தப் பொத்தானை அழுத்த வேண்டிய இடத்திலெல்லாம் அண்ணன் வேறு வழியாகச் சுற்றிப் போகிறான்.