லொரெய்னுக்காகப் போட்ட உள்கூரை

என் பெயர் டெரிக் ஹார்டாக்கர். ராச்டேல் என்ற ஆங்கிலேய நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். முன்னால் போகிற வண்டிக்காரன் எந்தப் பக்கம் ஒடிக்கப்போகிறான் என்று அவனுக்கே தெரியாதபோது எனக்குத் தெரிந்துவிடும். வீட்டில் மட்டும் கண் இருந்தும் குருடன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை. மேலே வெறும் பிளாஸ்டிக் தகடு. ஜனவரியில் அங்கே வைத்த வெண்ணெயில் கத்தி இறங்காது. என் மனைவி லொரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறையில் நாள் முழுக்க வெந்துவிட்டு வந்து, தேநீரோடு அங்கேதான் உட்காருவாள். அவளுக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். ஸ்வெட்டர்கூடப் போட மாட்டாள். "பாவம், அலுப்பில் குளிர்கூடத் தெரியவில்லை" என்று உச்சுக் கொட்டியபடி கம்பளியைப் போர்த்திவிடுவேன். நான் திரும்பியதும் அது தரையில் கிடக்கும். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? எனக்கு வந்தது, தகட்டுக்கு அடியில் குளிரைத் தடுக்க உள்கூரை போடும் யோசனை.

நான் பலகைகளை இறக்குவதைப் பக்கத்து வீட்டுத் தச்சர் கிளைவ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா டெரிக், ஆள வச்சு செய்யக் கூடாதா?"

"நாலு பலகை அடிக்கிறதென்ன பெரிய வித்தையா?"

"அது சரி, ஆம்புலன்ஸ் நம்பரை மட்டும் பக்கத்துல வச்சுக்க."

மரச்சட்டம் அடித்து, இடையில் வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சுப்பாயைச் செருகி, பிளாஸ்டர் பலகையைத் தூக்கினேன். இரண்டு கையும் தலையும் பலகையைத் தாங்கிக்கொண்டிருக்க, திருகாணிகள் கால்சட்டைப் பையில்! லொரெய்ன் ஓடி வந்து எடுத்துக் கொடுத்தாள்.

"எப்படி இருக்கு கண்ணு?"

"ரொம்ப அழகா இருக்கு டெரிக்."

அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை. ஹீட்டரைப் போட்டேன், அறை கதகதவென்று ஆகிவிட்டது. அவள் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓடிப் போய், "சாத்தும்மா, சூடெல்லாம் தோட்டத்துக்குப் போகுது!" என்று கத்தினேன்.

ஒரு சாயங்காலம் அவளை அங்கே காணோம். மாடியிலும் இல்லை. வாசலில் நின்ற எங்கள் காரில், கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, மழையில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாளோ என்று செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"இந்தக் குளிர்லயா? உள்ள எவ்வளவு கதகதப்பா..."

"அதான் டெரிக்! மாசவிலக்கு நிக்கிற வயசு. திடீர்னு உடம்பெல்லாம் தீயா எரியுது. அந்தக் குளிர் ரூமுதான் என்னை மனுசியா வச்சிருந்துச்சு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"தலைல பலகையத் தாங்கிக்கிட்டுப் பல்லக் காட்டுற மனுசன்கிட்ட என்னத்தச் சொல்ல?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் அன்பு என்ற பெயரில் அடைத்துவிட்டேனே! எங்கள் ஊரில் மனதில் இருப்பதைச் சொல்வதற்குப் பதில் செத்துப்போவார்கள். அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை நீ பண்ற ஈரல் வறுவல் எனக்குப் பிடிக்காது."

அவள் வாயைப் பிளந்தாள். "எனக்கும்தான் பிடிக்காது! உனக்குப் பிடிக்கும்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பண்றேன்!"

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"நாளைக்கே கூரையைப் பிரிச்சிடறேன்."

"வேணாம். ஹீட்டர நிறுத்திட்டுக் கதவத் திறந்து வை. நீ கோட்டப் போட்டுக்கிட்டு வந்து உட்காரு."

ஆகவே, எங்கள் தெருவிலேயே சூடு தங்கக்கூடிய ஒரே கண்ணாடி அறையில், கதவுகளை அகலத் திறந்து வைத்துவிட்டு, கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறேன். லொரெய்ன் அரைக்கைச் சட்டையில் தேநீர் குடிக்கிறாள். நேற்று கேட்டாள்:

"குளிருதா டெரிக்?"

"சேச்சே, ரொம்ப நல்லாருக்கு."

"டெரிக்!"

"குளிருது. பல்லு தந்தியடிக்குது."

எழுந்து வந்து, தரையில் கிடந்த கம்பளியை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டாள்.