அக்கா போணி செய்த பாலிசி

சிவகாசியில் அச்சாபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் மருத்துவ இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆன சமயம், தனியார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் இறங்கின. கிராமங்களிலும் இத்தனை பாலிசி போட்டே ஆகவேண்டும் என்று அரசாங்க விதி வேறு. அதனால் ஆமத்தூர் டீக்கடையில்கூட டை கட்டிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டை கட்டாத ஏஜென்ட் நான் ஒருத்தன்தான்.

எந்தத் தொழிலிலும் முதல் வியாபாரம், அதுதான் போணி, ராசியான கையால் நடக்கவேண்டும் என்பார்கள் எங்கள் ஊரில். என் அக்கா கைராசிக்காரி. அச்சங்குளத்தில் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் சீசனின் முதல் பெட்டியை அவளைத்தான் கட்டச் சொல்வார்கள். எனக்கும் அவள்தான் போணி செய்யவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவளுக்கு ஏற்கெனவே வேறொரு கம்பெனியில் பாலிசி இருந்தது. இருந்தால் என்ன? "அத விட்டுட்டு என்கிட்ட போடுக்கா" என்றேன்.

அக்கா விண்ணப்பப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஏலே, அங்கன ரெண்டு வருசம் ஓட்டியாச்சு. அந்த வருசமெல்லாம் இங்கன சேருமா?"

"அதெல்லாம் சேரும்க்கா. கையெழுத்தப் போடு."

படித்துப் பார்த்தா சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளும் தம்பி சொன்னால் சரி என்று போட்டுவிட்டாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது தீபாவளி சீசன் முடிந்த பிறகு என் பெண்டாட்டி சொல்லித்தான் தெரிந்தது. அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. தம்பியிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த ஆபரேசனுக்கு, பாலிசி எடுத்து ரெண்டு வருசம் காத்திருக்கவேண்டும். பழைய கம்பெனியில் அதைக் காத்திருந்து முடித்தும்விட்டாள். கம்பெனி மாறியதும் எல்லாம் முதலிலிருந்து. பணம் தரமுடியாது என்று என் கம்பெனியே கடிதம் அனுப்பியது. மேலதிகாரியிடம் கத்தினேன், கெஞ்சினேன். "போடும்போது நீங்க படிச்சுப் பாக்கலையா?" என்று கேட்டார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஆபரேசனுக்கு நாள் கிடைக்கும்வரை அக்கா அந்த வலியோடு வேலைக்குப் போனாள். காலையில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பட்டாசுக் கம்பெனி வண்டியில் ஏறுவதைப் பார்த்தால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. ஒரு ஏச்சு ஏசியிருக்கலாம். ஏசமாட்டாளே, பாவி மக! "சாப்பிட்டியாலே?" என்று எப்போதும்போலத்தான் கேட்டாள்.

சில வருசம் கழித்துப் புது விதி வந்தது. கம்பெனி மாறினாலும் பழைய வருசங்கள் சேரும், புதுக் கம்பெனி அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆபீசில் அந்தச் சுற்றறிக்கையைப் படித்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இம்புட்டு நாள் எங்கே போயிருந்தார்கள்? அதை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் சுற்றறிக்கையை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

கீரை ஆய்ந்துகொண்டே அக்கா முழுசும் கேட்டாள்.

"அப்ப நீ சொன்னது சரிதானலே. சர்க்காருக்குத்தான் கொஞ்சம் தாமசமாயிருச்சு."

முப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.